பாடி, பட்டு, கோட்டம்: கற்பனை நாட்டுக்கு ஊர்ப்பெயர் வைத்துப் பார்த்தது

களம் இதுதான்: பாலாற்றைப் போல மேலே மணலும் அடியில் நீருமாக ஓடும் ஓர் ஆறு, ஜவ்வாது மலை மாதிரி ஒரு தொடர், அகழி சூழ்ந்த கல்கோட்டை, சுற்றிலும் நாற்பது ஊர்கள். பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுக்கான நாடு இது. விதிப்புத்தகமாக அச்சடித்து வேலூரில் விற்கும் எண்ணம் இருப்பதால், பெயர்ப் பட்டியலைச் சலிப்பதுதான் முதல் வேலை.

பெயருக்குப் பதிப்புரிமை உண்டா? ஒற்றைப் பெயருக்குக் கிடையாது. ஒரு படத்தலைப்பு வழக்கில், தலைப்பு மட்டும் தனியாகப் பதிப்புரிமைக்குரிய படைப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அதை நம்பி அசந்துவிடக் கூடாது. ஒரு நாவலின் தலைநகரம், அதற்குக் கிழக்கே எரிமலை, நடுவே சதுப்பு, காவலுக்கு ஒரு கணவாய் என்று பெயரும் வரிசையும் உறவும் சேர்ந்தே நம் புத்தகத்துக்குள் வந்துவிட்டால், எடுத்தது பெயரை அல்ல, படைப்பை. கருத்து பொதுச்சொத்து, அதை வெளிப்படுத்திய விதம் உரியவருடையது என்று 1978லேயே அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நம் நாட்டில் அந்த உரிமை எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். 1964இல் இறந்தவருடையது 2024 டிசம்பரோடு முடிந்தது.

அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது டிரேட்மார்க், அதாவது ஒரு விற்பனையாளரின் பொருளை அடையாளம் காட்டும் வணிகப் பெயர். 1970களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டில், டோல்கீன் நாவல்களில் வரும் குள்ள மனிதரான ‘ஹாபிட்’ இருந்தது. உரிமை வைத்திருந்தவர்கள் எதிர்த்ததும் அது ‘ஹாஃப்லிங்’ ஆனது, அதே நாவல்களின் மர மனிதரான ‘என்ட்’ ‘ட்ரியன்ட்’ ஆனது. எல்ஃப், டிராகன் போன்றவை நாட்டார் கதைகளிலேயே இருந்தவை என்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்மிடம் முனி, காட்டேரி, யாளி எல்லாம் அப்படித்தான், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்திய டிரேட்மார்க் பதிவகத்தின் பொதுத் தேடல் இலவசம். பொருள்களையும் சேவைகளையும் அங்கே எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பெயரையும் நான்கு வகுப்புகளில் தேட வேண்டும்: கணினி விளையாட்டுக்கு 9, அச்சுப் புத்தகத்துக்கு 16, பலகை விளையாட்டுக்கு 28, கேளிக்கைச் சேவைக்கு 41. ‘இந்த எழுத்தில் தொடங்குவது’ என்று தேடினால் பாதி தப்பிவிடும்; ‘உள்ளே அடங்குவது’ என்று தேடிவிட்டு, ஒலி ஒப்புமைத் தேடலையும் ஓட்ட வேண்டும். பலர் கோட்டை விடுவது ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான். பெயரில் ழகரம் இருந்தால் இசட்-எச், எல், ஒய் என மூன்று வடிவம். தகரத்துக்கு டி, டி-எச் இரண்டும். நிலை ‘கைவிடப்பட்டது’ என்று காட்டினாலும், கடையில் அந்தப் பெயரில் பொருள் விற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பதிவு செய்யாத பெயருக்கும், அதை நம்பி வாங்குபவர்கள் இருந்தால் வழக்குப் போட வழி உண்டு.

ஆங்கில நாவல்களின் கற்பனை உலகப் பெயரை அப்படியே தமிழாக்கம் செய்வதும் உதவாது. படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பெயர் உருவாக்கித் தரும் செயலிகளிலும் பிரபலமான நாவல்களின் பெயர்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடித்தான் சேர்க்க வேண்டும்.

நன்றாக வேலை செய்தது வட ஆற்காட்டின் சொந்த வாய்ப்பாடு. வேல மரம் நின்ற ஊர் வேலூர் என்பார்கள். மரம், மண், நீர்நிலை இவற்றில் ஒன்றை எடுத்து, காட்பாடி, வாணியம்பாடி மாதிரி ‘பாடி’, பேர்ணாம்பட்டு மாதிரி ‘பட்டு’, கண்ணமங்கலம் மாதிரி ‘மங்கலம்’ சேர்த்தால் பெயர் இந்த மண்ணில் முளைத்தது போல இருக்கும். மேல்விஷாரம், கீழ்விஷாரம் போல மேல், கீழ் சேர்த்தால் ஒரு பெயர் இரண்டு ஊராகிவிடும். நாட்டுப் பிரிவுக்கு ‘கோட்டம்’. வேலூர்ப் பகுதியே ஒரு காலத்தில் தொண்டை மண்டலத்தின் படுவூர்க் கோட்டம்தானே.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. மணலில் ஊற்று தோண்டும் ஊர் என்பதற்காக ஊற்று, கரை இரண்டையும் சேர்த்தால் ஊத்தங்கரை. அது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஊர். சட்டச் சிக்கல் இல்லை, ஆனால் ஆடுபவர் கண்ணில் பஸ் ஸ்டாண்டுதான் தெரியும். ஊற்றம்பட்டு என்று மாற்றி, எல்லாத் தேடலும் மறுபடி முதலிலிருந்து. கொள்ளையர் கூடாரத்துக்கோ சபிக்கப்பட்ட ஊருக்கோ நிஜ ஊரின் பெயரை வைக்கவே கூடாது. அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள்.

வரைபடம் தனிக் கதை. இந்தியச் சட்டத்தில் வரைபடமும் கலைப்படைப்பு. பிறர் வரைந்ததை மேலே தாள் வைத்து நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் மீறல்தான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவை அடிப்படையாக்கலாம், ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு நன்றிக் குறிப்பு கட்டாயம். விதிகளுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1 ஆவணம் 2023 ஜனவரியிலிருந்து, பிறரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. அதிலும் நன்றிக் குறிப்பு கட்டாயம். அந்த நிறுவனத்தின் கதை உலகங்களும் வரைபடங்களும் அந்த உரிமத்தில் வராது.

விரிதாளில் ஐந்து நெடுவரிசை: பெயர், வேர்ச்சொல், எழுத்துக்கூட்டல்கள், தேடிய தேதி, முடிவு. நாற்பதில் முப்பத்திமூன்று தேறிவிட்டன. அட்டைப்பெட்டியில் வரும் தலைப்பு இன்னும் பாக்கி. பதிவு செய்வதானால் தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் வகுப்பு ஒன்றுக்கு ₹4,500, பத்தாண்டுக்கு. முதலில் 28ஆம் வகுப்புக்கு மட்டும் போட்டுவிட்டு, புத்தகம் அச்சுக்குப் போகும்போது 16ஆம் வகுப்புக்கு.