64 சதவீதமும் 5 ரூபாய் பிஸ்கட்டும்: ஒரு வரி ஆய்வாளரின் நாட்குறிப்பு

செப்டம்பர் 4, 2025, வியாழன்

நேற்று ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் அறிவிப்பு வருவதற்குள் வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். 12, 28 என்ற இரண்டு அடுக்கும் போகின்றன, 5-ம் 18-ம் நிற்கின்றன, புகையிலை, சொகுசு வகையறாவுக்கு மட்டும் தனியாக 40. தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் இனி வரியே இல்லை. புகையிலை தவிர மற்றதெல்லாம் 22-ம் தேதி முதல் அமல். இதனால் வருவாயில் துண்டு விழப்போவது 48,000 கோடி என்கிறது மத்திய அரசு, அதுவும் 2023-24 நுகர்வை வைத்துப் போட்ட கணக்கு.

விடிந்தும் விடியாததுமாகச் சென்னையிலிருந்து இயக்குநர் போன். எங்கள் ஆய்வு மையம் சின்னது, வரிக் குழு அதைவிடச் சின்னது: நானும் இரண்டு இளம் ஆய்வாளர்களும். சேலம் அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டுதான் நான் இதை நடத்துகிறேன், நேரில் வந்தே ஆகவேண்டும் என்றால் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. "மத்தியானத்துக்குள்ள ஒரு பக்கக் குறிப்பு வேணும்மா, தலைப்புல ஒரு நம்பர் இருக்கணும்" என்றார். எந்த நம்பர் என்று நான் கேட்கவே இல்லை. ஜிஎஸ்டியில் 64 சதவீதத்தை ஏழைகள்தான் கட்டுகிறார்கள் என்று மூன்று வருஷமாக ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதுதான்.

குறிப்பு போய்விட்டது, நம்பர் போகவில்லை. சண்டை சனிக்கிழமைக்கு.

செப்டம்பர் 6, சனி

சண்டை நடந்தது. எழுதி வைக்கிறேன், எப்படியும் திரும்பத் திரும்ப இதைப் பேசத்தான் போகிறேன்.

அந்த 64, 2023 ஜனவரியில் ஆக்ஸ்பாம் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் வந்தது. ஜிஎஸ்டி வசூலில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கீழ்ப் பாதி மக்களிடமிருந்து வருகிறது, மேல் 10 சதவீதம் பேர் கொடுப்பது 3, 4 சதவீதம்தான் என்றது. நம் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் மேடைக்கு மேடை அதைச் சொல்லிவிட்டார்கள். அந்த அறிக்கையின் நோக்கத்தோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை, கணக்கோடுதான்.

மக்களைச் செலவு அளவின்படி வரிசையாக நிறுத்தி நடுவில் கோடு கிழித்தால், கீழ்ப் பாதியின் மொத்தச் செலவு மேல் பாதியின் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும், வரிசையை நிறுத்தியதே அப்படித்தானே. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமத்தின் கடைசி 5 சதவீதத்தினர் மாதம் தலைக்கு 1,677 ரூபாய் செலவழிக்கிறார்கள், நகரத்தின் மேல் 5 சதவீதத்தினர் 20,310. கிராமத்தில் செலவில் 47 சதவீதம் சாப்பாட்டுக்கே போகிறது, அதில் மூட்டை பிரித்து நிறுத்துக் கொடுக்கும் அரிசிக்கும் காய்கறிக்கும் பாலுக்கும் முட்டைக்கும் வரி இல்லை. பாதிக்கும் குறைவாகச் செலவழிக்கிறவர்கள், அதிலும் வரியில்லாத பொருளுக்கே கூடுதலாகச் செலவழிக்கிறவர்கள், வரியில் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு எப்படிக் கொடுப்பார்கள்? ஜிஎஸ்டியைத் தாங்கிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் நம் குறிப்பு முழுவதும் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

சரி, அப்படியென்றால் ஜிஎஸ்டி நியாயமான வரியா? அதுவும் இல்லை. மொத்த வசூலில் யார் பங்கு எவ்வளவு என்பது ஒன்று, ஒருவர் வருமானத்தில் வரி எவ்வளவு தின்கிறது என்பது வேறொன்று. மாதம் 15,000 வாங்குகிறவர் பதினைந்தையும் செலவழிக்கிறார், 5 லட்சம் வாங்குகிறவர் ஒரு லட்சத்தைச் செலவழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கிலும் நிலத்திலும் போடுகிறார், போட்ட பணத்தை ஜிஎஸ்டி தொடுவதில்லை. நமக்கு வேண்டியது இந்த வாதம்தான். தலைப்பில் கொட்டை எழுத்தில் போட வராது என்பது மட்டும்தான் இதில் குறை.

இயக்குநர் கடைசியில் சொன்னது: "நீ சொல்றது சரிதான், ஆனா யாரும் படிக்க மாட்டாங்க." குழுவில் இருக்கிற தம்பி மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன்.

செப்டம்பர் 13, சனி

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பொடி தூவி, கேஸ் தீயை வளையத்துக்கு வளையம் நகர்த்திப் பற்றவைத்துக்கொண்டே போகிறார் பட்டறை அண்ணன், நிமிர்ந்து பார்க்காமலே பேசுகிறார். வெள்ளியைக் கடைக்காரர் எடை போட்டுக் கொடுப்பார், டச், அதாவது வெள்ளியின் தரம், பார்த்து எடை போட்டுக் கொலுசாகத் திருப்பி வாங்கிக்கொள்வார், இவருக்கு வருவது கூலி மட்டும்.

"ஜிஎஸ்டி நமக்கு எதுக்குங்க, நாம கூலிக்குத்தானே செய்யறோம். வரியெல்லாம் கடைக்காரங்க பாடு."

சட்டப்படி அவர் சொல்வது சரி. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு, இவர் அந்தப் பக்கமே போகப் போவதில்லை. ஆனால் மூலையில் நின்றது 19 கிலோ வணிக சிலிண்டர், அதற்கு 18 சதவீதம். 1,700 சொச்சம் ரூபாய் சிலிண்டரில் 260 ரூபாய் போல வரி. பதிவு செய்த கம்பெனி என்றால் அந்த 260-ஐ உள்ளீட்டு வரியாக, தான் கட்டவேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளும். இவரால் முடியாது, பதிவே இல்லையே. அவர் கட்டுகிற 260 கூலிக்குள் புதைந்துவிடுகிறது, கூலியோ கடைக்காரர் வைத்தது. அடுக்குகளைக் குறைத்தபோது இந்த சிலிண்டரை யாரும் தொடவில்லை, வெள்ளி நகைக்கு இருந்த 3 சதவீதமும் அப்படியே இருக்கிறது. டிவிக்கும் ஏசிக்கும் 28 போய் 18.

வரி கட்டாதவர் என்று புள்ளிவிவரத்தில் இருக்கும் ஆள் இவர்தான். சிலிண்டர் பில்லை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எதுக்குங்க, ரெய்டா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார், எடுத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று முதல் புது விகிதம். காலையில் தெருமுனை மளிகைக் கடைக்குப் பிஸ்கட் வாங்கப் போனேன், ஆராய்ச்சி என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

பிஸ்கட்டுக்கு 18 இருந்தது 5 ஆகிவிட்டது. 5 ரூபாய் பாக்கெட்டில் பழைய வரி 76 பைசா. அதைக் கழித்துவிட்டு 5 சதவீதம் போட்டால் 4 ரூபாய் 45 பைசா வரும். கடைக்கார அக்காவிடம் இதைச் சொன்னேன். "கண்ணு, அம்பத்தஞ்சு பைசாவை நான் எங்க போய்த் தேட? ஒரு மிட்டாய் எடுத்துக்க" என்றார். மிட்டாய் ஒரு ரூபாய், எனக்கு லாபம்தான்! பழைய சரக்கு தீரும்வரை இதுதான் கதை, அப்புறம் கம்பெனி விலையைக் குறைக்குமா, கிராமைக் கூட்டுமா, பேசாமல் இருந்துவிடுமா என்று பார்க்கவேண்டும்.

பேசாமல் இருந்துவிட்டால் யாரிடம் புகார் சொல்வது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வரி குறைந்தால் அந்தப் பலன் வாங்குகிறவருக்குப் போகவேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 171-ம் பிரிவு சொல்கிறது. அதைப் பார்க்க 2017-ல் தனி ஆணையம் வைத்தார்கள், 2022 டிசம்பரில் வேலையைப் போட்டி ஆணையத்திடம் கொடுத்தார்கள், 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி தீர்ப்பாயத்துக்கு மாற்றினார்கள், கூடவே 2025 ஏப்ரல் 1 முதல் புதுப் புகார் வாங்குவதில்லை என்றும் அறிவித்துவிட்டார்கள். ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து இவ்வளவு பெரிய விகிதக் குறைப்பு நடந்ததில்லை. அதற்கு ஆறு மாசம் முன்னால் புகார்ப் பெட்டியைப் பூட்டியிருக்கிறார்கள்.

குறிப்பின் நடுப்பகுதி இதுதான் என்று இன்று முடிவு செய்தாயிற்று. தம்பி அஸ்தம்பட்டி, நான்கு ரோடு, லீ பஜார் என்று மூன்று இடத்தில் ஒரே பட்டியலுக்கு வாராவாரம் விலையும் எடையும் எழுதிவருவான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஏற்காடு. வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன், பாதி வேலைதான். 20 கொண்டை ஊசி வளைவிலும் முன்னால் சுற்றுலா வேன், ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் வாந்தி.

காப்பிச் செடியில் காய் இன்னும் பச்சைதான், பறிப்புக்கு நாள் இருக்கிறது. சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு எஸ்டேட்காரரோடு மழை விடும்வரை பேச்சு. அவர் தன் காப்பியைத் தானே வறுத்து அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறார். வருமான வரியில் இதற்கு ஒரு விதி இருக்கிறது, 7பி. விளைவித்து, பதப்படுத்தி மட்டும் விற்றால் லாபத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம், மீதி 75 விவசாய வருமானம், அதற்கு மத்திய வரி இல்லை. வறுத்து அரைத்தும் விற்றால் வியாபாரப் பங்கு 40. "அந்த நாப்பதுக்குத்தான் ஆடிட்டருக்குப் பீஸ் கொடுக்கறேன்" என்று அலுத்துக்கொண்டார். மீதி 60 பற்றி இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலப் பட்டியலில், 46-வது இனமாக இருக்கிறது. 1972-ல் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தலைமையிலான குழு நிலத்தின் விளைச்சல் திறனை வைத்துப் பெரிய உடைமைகளுக்கு மட்டும் வரி போடலாம் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தது. எந்த மாநிலமும் அதை எடுத்துச் செய்யவில்லை. ஒன்றரை ஏக்கர் காப்பி வைத்திருப்பவரையும் நூற்றுக்கணக்கான ஏக்கர் எஸ்டேட்டையும் ஒரே "விவசாயி" என்ற போர்வைக்குள் வைத்துப் பேசும் வரைக்கும் எடுக்கவும் மாட்டார்கள். முற்போக்கு முகாமிலேயே இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். குறிப்பில் ஒரு பத்தி போடப்போகிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தாயிற்று, இன்று அதைத் தொடக்கூடாது என்று அம்மா. நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு ஏற்றுகிறேன்.

1937-ல் இதே அக்டோபர் 1-ம் தேதிதான் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. ராஜாஜி பிரதமராக (அன்று மாகாண முதல்வருக்கு அதுதான் பெயர்) இருந்த சென்னை மாகாண அரசு, சோதனைக்கு முதலில் எடுத்தது இந்த மாவட்டத்தை. கள், சாராய வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி? அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் 1939-ன் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் பொதுவான விற்பனை வரி போட்ட முதல் மாகாணம் இதுதான். அதற்கு முன் மத்திய மாகாணத்தில் பெட்ரோலுக்கு மட்டும் ஒன்று இருந்தது. உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையும் 1792-ல் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து இறங்கிய பாராமகால், சேலம் பகுதியில்தான் ஆரம்பித்தது. சோதனை என்றால் இந்த ஊர்க்காரன் முதுகுதான் கிடைக்கும் போல.

சாராயக் காசுக்குப் பதிலாக விற்பனை வரி வந்தது. 2017-ல் அந்த விற்பனை வரியின் பெரும்பகுதி ஜிஎஸ்டிக்குள் போய், விகிதம் வைக்கிற அதிகாரம் கவுன்சிலுக்குப் போய்விட்டது. ஐந்து வருஷம் கொடுத்த இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது. மாநிலம் தன் கையால் திருகக்கூடிய பெரிய குழாய்களாக மிச்சம் இருப்பவை மது, பெட்ரோல், பத்திரப்பதிவு, வாகன வரி. டாஸ்மாக் வழியாக வருவது வருஷத்துக்கு 45,000 கோடிக்கு மேல். அதாவது சுற்றிச் சுற்றி மறுபடி சாராயத்துக்கே வந்து நிற்கிறோம். மதுக்கடையை மூடு என்று கோஷம் போடுகிற கட்சி எதுவும் இந்தக் கணக்குக்கு மாற்றுக் கணக்கு காட்டி நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 8, புதன்

குழுவில் இருக்கிற பெண் இன்று போட்டுக்கொண்டு வந்த கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்தியக் கலால் 21 ரூபாய் 90 காசு. மாநிலங்களோடு பங்கிடவேண்டிய அடிப்படைக் கலால் அதில் 1.40 மட்டும், மீதியெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயரில் டெல்லியிலேயே தங்கிவிடும். 1.40-ல் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து, அதாவது 57 பைசா. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். லிட்டருக்கு இரண்டு பைசா சொச்சம். மாநிலம் தன் வாட் வரியைத் தனியாகப் போடுகிறது, அதைச் சொல்லாமல் இதை மட்டும் போடுவது யோக்கியமில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னேன்.

இது அவளே தேடிப் போட்டது. எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கொஞ்சம் பொறாமை.

அக்டோபர் 11, சனி

குறிப்பு போய்விட்டது. தலைப்பில் 64 இல்லை, "55 பைசா எங்கே?" என்று இருக்கிறது. நான் வைத்ததில்லை, இயக்குநரே வைத்தார், வைத்துவிட்டு "நம்பர் இருக்குல்ல" என்றார். காப்பிப் பத்தியை மட்டும் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டார்கள், அதற்கு அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பியின் விலைப் பட்டியல் மூன்றாவது வாரத்தில் இருக்கிறது. ஷாம்பு, சோப்பில் சில கம்பெனிகள் விலையைக் குறைத்துவிட்டன, சிலது எடையைக் கூட்டியிருக்கின்றன, சிலது பழைய எம்ஆர்பியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. தீபாவளிச் சரக்கு லீ பஜாரில் இறங்கிவிட்டது, அதைத் தனிப் பத்தியாக எழுதச் சொல்லியிருக்கிறேன், பரிசுப் பெட்டி வகையறாவில் எடையைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்கிறான். புகார் பிரிவைத் திறக்கச் சொல்லும் மனுவுக்கு இந்தப் பட்டியல்தான் இணைப்பு. டிசம்பர் வரை எழுதட்டும்.