இந்த விறகு முன்பு என்னவாக இருந்தது?

விறகடுப்பு வைத்திருப்பவர் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், வேலியைப் பிரித்தவர், கூரையை மாற்றியவர், கட்டில் உடைந்துபோனவர், வாசல் மரத்தை வெட்டியவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். "சும்மாதான் கிடக்கிறது அண்ணா, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். எங்கள் வீட்டில் குளிக்கும் வெந்நீர் விறகில்தான் காய்கிறது. ஆகவே இப்படி வரும் எந்த அழைப்பும் எனக்கு மகிழ்ச்சிதான். வண்டிக்குச் சொல்வதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுவேன்: இது முன்பு என்னவாக இருந்தது? எவ்வளவு இருக்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி. என்ன மரம் என்பது கடைசிக் கேள்வி.

பலருக்கு இந்த வரிசை தலைகீழாகத் தோன்றுகிறது. வைரம் பாய்ந்த மரம் என்றால் நல்ல விறகு, இலேசான மரம் என்றால் மட்டமான விறகு என்றுதான் பேச்சு. ஆனால் நிறுத்துப் பார்த்தால், நன்றாகக் காய்ந்த எந்த மரமும் எடைக்கு எடை ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைத்தான் தருகிறது. கிலோவுக்குச் சுமார் 4 கிலோவாட் மணி. கனமான மரத்தில் கங்கு நெடுநேரம் நிற்கும். இலேசான மரம் சடசடவென்று எரிந்து தீரும், அடிக்கடி தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும்போது அதைப் பெரிய குறையாக நான் நினைப்பதில்லை. அரளி, தில்லை போன்ற நச்சு மரங்களை மட்டும் அறவே தவிர்க்கிறேன். அவற்றின் புகையே ஆகாது. மற்றபடி, அந்த மரத்தின் மேல் எதைப் பூசினார்கள், எதில் ஊறவைத்தார்கள், எதைக்கொண்டு ஒட்டினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். புதிதாக வெட்டிய மரத்தில் ஈரம் ஒன்றுதான் பிரச்சினை. காத்திருந்தால் அது போய்விடும். ஒருவர் பயன்படுத்தித் தூக்கிப்போட்ட மரத்தில் ஏறியிருப்பது எத்தனை வருடம் வெயிலில் கிடந்தாலும் போகாது.

பழைய கதவு, சன்னல், அலமாரி என்றால் பெயின்ட் இல்லாமல் இருக்காது. அந்தக் கால எண்ணெய்ப் பெயின்ட்களில் ஈயம் கலப்பது வழக்கம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் அதை 1978-இல் தடை செய்தார்கள். பல நாடுகளில் தடை வருவதற்கு அதன் பிறகும் வெகு காலம் ஆயிற்று. ஈயம் எரிந்து அழிகிற பொருள் இல்லை. கொஞ்சம் புகையோடு கிளம்பும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் செடிக்குப் போடுகிறோம், அதில்தான் குழந்தைகள் கை வைக்கிறார்கள். "மேலே சுரண்டிவிட்டு எரிக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. சுரண்டும்போது பறக்கும் தூள் நேராக மூச்சுக்குள்தான் போகிறது. சாயம் பூசிய மரம் எவ்வளவு அருமையான கட்டையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அதைவிட எனக்கு அச்சம் தருவது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஊறியிருக்கும் மருந்து. 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் காமேசன் என்ற விஞ்ஞானி குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு மரக்காப்பு மருந்தை உருவாக்கினார். கரையானும் பூஞ்சையும் அண்டாமல் மரத்தைப் பல்லாண்டுகள் காத்த பெரிய கண்டுபிடிப்பு அது. உலகம் முழுவதும் கம்பங்களிலும் வேலிக்கால்களிலும் வெளிப்புறப் பலகைகளிலும் அதை ஏற்றினார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதை ஏற்றுவது பெரும்பாலும் 2003 இறுதியோடு நின்றது. அதற்கு முன் நட்டவை இன்னும் எத்தனையோ இடங்களில் நிற்கின்றன. பிடுங்கிப் போடும்போது அவையும் இலவச விறகாகிவிடுகின்றன. எரித்தால் ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையில் போகும், மீதி சாம்பலில் சேரும்.

இந்த மரம் புதிதில் இலேசான பச்சை நிறமாக இருக்கும். வெயிலும் மழையும் பட்டுச் சாம்பல் பூத்துவிட்டால் சாதாரண மரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே வேலிக்கால் என்று சொன்னாலே நான் முதலில் பார்ப்பது மண்ணுக்குள் இருந்த முனையை. பல வருடம் ஈர மண்ணில் நின்ற முனை உளுக்காமல், கரையான் தொடாமல் அப்படியே இருக்கிறது என்றால், ஒன்று அது நல்ல வைரம் பாய்ந்த கட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து ஏற்றியதாக இருக்க வேண்டும். கையோடு கொண்டுபோகும் ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்ப்பேன். மருந்து ஏறிய மரத்தில் பெரும்பாலும் ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம் பசுமை தட்டித் தெரியும், நடுப்பகுதி வேறு நிறத்தில் இருக்கும். தெளிவாகத் தெரியவில்லை என்றாலும் விட்டுவிட்டு வருகிறேன். தண்டவாளக் கட்டைகளுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை; கறுத்துப்போய், வெயிலில் தார் வாடை அடிக்கும். அது கிரியோசோட் என்ற, தாரிலிருந்து எடுக்கும் மரக்காப்பு எண்ணெய். பிளைவுட், துகள் பலகை, மைக்கா ஒட்டிய பலகை எல்லாம் பசையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தவை. ஓரத்தைப் பார்த்தாலே அடுக்கு தெரியும், கையில் எடுக்க வேண்டியதில்லை. கடலில் மிதந்து ஒதுங்கிய கட்டையில் உப்பு ஏறியிருக்கும். அதன் புகையும் கெடுதல், இரும்பு அடுப்பையும் அரித்துவிடும்.

சரக்கு ஏற்றும் பேலட் பலகைகளைப் பற்றி மட்டும் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். எல்லாமே விஷம் என்கிறார்கள் சிலர், எல்லாமே நல்ல விறகு என்கிறார்கள் சிலர். நாடு விட்டு நாடு போகும் பேலட்டில் பூச்சி பரவாமல் இருக்க, 2002-இல் ஏற்கப்பட்ட ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி முத்திரை குத்த வேண்டும். பக்கவாட்டுக் கட்டையில் கோதுமைக் கதிர் போன்ற படம், அதன் பக்கத்தில் நாட்டின் குறியீடு, கீழே ஈரெழுத்து. அந்த ஈரெழுத்துதான் விஷயம். 'எச்.டி.' (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏறும்படி சூடாக்கியது என்று பொருள். மருந்து எதுவும் இல்லை. 'எம்.பி.' (MB) என்றால் மீத்தைல் புரோமைடு வாயுவால் பூச்சி நீக்கியது, அதை எடுப்பதில்லை. முத்திரையே இல்லாதது உள்ளூரில் மட்டும் ஓடியதாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். முத்திரை நன்றாக இருந்தாலும் வேலை அதோடு முடியவில்லை. அந்தப் பலகையின் மேல் என்ன கொட்டியிருக்கும் என்று முத்திரை சொல்லாது. எண்ணெய்க் கறையோ, பூச்சிமருந்து வாடையோ, திட்டுத் திட்டாக நிறம் மாறியதோ இருந்தால் அந்தப் பலகையை மட்டும் ஒதுக்கிவிடுவேன். மீதியை நம்பி எடுக்கலாம். மெல்லிய காய்ந்த பலகை, அடுப்புப் பற்றவைக்க அதற்கு இணையில்லை.

பழைய மரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது வீட்டுக் கூரையிலிருந்து இறக்கிய கைமரமும் சட்டமும்தான். பெரும்பாலும் யாரும் அவற்றுக்குப் பெயின்ட் அடிப்பதில்லை. மழை படாமல், அடியில் புகையும் வெப்பமும் பட்டு, ஒரு தலைமுறைக் காலம் காய்ந்திருக்கும். வெளியே தூசியும் ஒட்டடையும் சேர்ந்து கறுத்த சட்டத்தைக் கத்தியால் ஒரு சீவு சீவினால் உள்ளே செம்பழுப்பு நிறம் பளிச்சென்று வரும். நேற்று இழைத்த மரம் மாதிரி வாசனை எழும். அந்த வாசனையில் எண்ணெயோ மருந்தோ கலந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அடுத்து, திருப்புளியால் நாலைந்து இடத்தில் குத்திப் பார்ப்பேன். சுவரில் பதிந்திருந்த முனைகள்தான் முதலில் உளுக்கும். திருப்புளி எதிர்ப்பில்லாமல் உள்ளே இறங்கி, மாவு போலத் தூள் கொட்டினால் அந்த அளவுக்கு அறுத்துத் தள்ளிவிட வேண்டும்; பூச்சியும் பூஞ்சையும் தின்றது போக மிச்சமிருப்பதில் எரிய அதிகம் இல்லை. ஆணிகள் நிச்சயம் இருக்கும். ரம்பத்துக்கு ஆபத்து அதுதான், ஆகவே ஆணித் தலை தெரியும் இடத்திலெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் குறிபோட்டுவிட்டுத்தான் அறுக்கிறேன். எரிந்த பிறகு சாம்பலில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவினால் ஆணியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும்.

பழையது என்பதால் காய்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. திறந்தவெளியில் மழையில் குவிந்து கிடந்த மரம் எத்தனை வருடமானாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும், அதுவும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடி வரிசை. முனையில் வெடிப்பு இருக்கிறதா, இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்கிறதா என்று பார்ப்பது நல்லதுதான். ஆனால் வெடிப்பு ஒருமுறை விழுந்துவிட்டால் மறுபடி நனைந்தாலும் அப்படியே நிற்கும். நான் நம்புவது ஒரே சோதனையை: குவியலின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவி, கோடரியால் பிளந்து, பிளந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. சில்லென்று இருந்தால் ஈரம். ஈரமானி இருந்தாலும் அதன் ஊசியைப் பிளந்த முகத்தில்தான் குத்த வேண்டும், வெளிப்பக்கத்தில் குத்தினால் அது காட்டும் எண் ஏமாற்றும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அன்றே எரிக்கலாம்.

ஈர விறகும் எரியத்தான் செய்கிறது, அதனால்தான் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி நீர். அந்த நீரை ஆவியாக்குவதற்கே விறகின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அதோடு போனால்கூடப் பரவாயில்லை. நெருப்பு சூடேறாமல் தணிந்தே இருப்பதால், மரத்திலிருந்து வெளிவரும் வாயுக்கள் எரியாமல் புகையாகக் கிளம்புகின்றன. அவை முழுதாக எரிய 600 டிகிரி அளவு சூடு வேண்டும். எரிந்திருக்க வேண்டிய விறகின் ஒரு பகுதிதான் அந்தப் புகை. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பின் முன் உட்கார்ந்து ஊதுகிறவர் நம் வீட்டு ஆள்தான். ஈரமான மரம் நல்ல மரமாக இருந்தால் எடுத்து வருவேன், ஆனால் பிளந்து அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போட்டு, பக்கங்களில் காற்று ஓடும்படி விட்டு, குறைந்தது ஒரு கோடையாவது கழிந்த பிறகே அடுப்புக்குக் கொண்டுபோவேன். பட்டையோடு உருண்டையாக அடுக்கினால் சீக்கிரம் காயாது. அதற்கு இடமும் பொறுமையும் இல்லாதவர்கள் ஈர மரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கையால் பிளக்கிறவருக்கு, கவையும் கணுவும் முறுக்கிய நாரும் உள்ள அடிமரம் இலவசமாகக் கிடைத்தாலும் பாரம்தான். மரம் வெட்டுவதற்கு முன்பே தகவல் கிடைத்தால், "அறுக்கிறவரிடம் அடுப்பு நீளத்துக்குத் துண்டு போடச் சொல்லுங்கள் அக்கா" என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்லிவிடுகிறார்கள்; பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கரையானும் துளைப்பூச்சியும் உள்ள விறகைச் சுவரோடு ஒட்டி அடுக்குவதில்லை, தொலைவிலிருந்து வருவதை ஏற்பதில்லை. வட அமெரிக்காவில் 2002-இல் கண்டறியப்பட்ட மரகத நிறத் துளைப்பூச்சி கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது. அது ஊர் ஊராகப் பரவ விறகு ஏற்றிய வண்டிகளும் காரணம்.

கொடுக்கிறவரின் மனம் கோணாமல் மறுப்பதும் இதில் ஒரு பங்கு. எடுக்க முடியாததற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். "அக்கா, இந்தச் சன்னலில் பழைய பெயின்ட் இருக்கிறது, எரித்தால் ஈயப்புகை வரும், நீங்களும் குப்பையோடு எரித்துவிடாதீர்கள்" என்றால் புரிந்துகொள்கிறார்கள். சாயம் பூசிய பலகையை மாடிப்படிக்குக் கீழே தட்டு போடக் கேட்பவர் யாராவது இருப்பார்; மருந்து ஏறிய கம்பம் குப்பைக் கிடங்குக்குத்தான் போக வேண்டும். குவியலில் பாதி நல்லது, பாதி சந்தேகம் என்றால் அங்கேயே உட்கார்ந்து பிரித்து, நல்லதை மட்டும் ஏற்றுகிறேன். மீதியை வீட்டில் வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று கொண்டுவருவதில்லை. கொண்டுவந்துவிட்டால், விறகு தீர்ந்துபோன ஒரு மழைநாளில், விஷயம் தெரியாத யாராவது அதைத்தான் எடுத்து அடுப்பில் வைப்பார்கள்.