ரிஸ்க் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன நிற்கிறது?

காரைக்குடிப் பக்கம் ரிஸ்க் என்ற சொல்லைக் கேட்டறியாதவர் இல்லை. ‘ரொம்ப ரிஸ்க்குண்ணே’ என்றால் ஆபத்து, ‘ரிஸ்க் எடுத்துப் பாரு’ என்றால் துணிச்சல். பேச்சுக்கு இந்த இரண்டு பொருளும் போதும். ஆனால் இன்ஷூரன்ஸ் பாலிசி, லாரி ரசீது, கடன் ஒப்பந்தம், மியூச்சுவல் ஃபண்டு விளக்கத்தாள், மருத்துவ அறிக்கை என ஆங்கிலத்தில் வந்து சேரும் தாள்களில் இந்தச் சொல் வேறு வேறு வேலை பார்க்கிறது. பேச்சுப் பொருளை வைத்துக்கொண்டு அந்தத் தாள்களைப் படித்தால் பணம் போகும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் வினைச்சொல். கடல் கடந்து கொண்டுவிக்கப் போன, அதாவது தொழில் செய்யப் போன, ஒரு நகரத்தாரை (நாட்டுக்கோட்டைச் செட்டியாரை) எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்லலாம். ‘ஹீ ரிஸ்க்ட் ஹிஸ் கேபிடல்’: பின்னால் நிற்பது முதல், அதாவது பறிபோகக்கூடிய பொருள். ‘ஹீ ரிஸ்க்ட் பேங்க்ரப்ட்சி’: பின்னால் நிற்பது திவால், வந்து சேரக்கூடிய கேடு. ‘ஹீ ரிஸ்க்ட் தி வாயேஜ்’: பின்னால் நிற்பது கப்பல் பயணம், துணிந்து செய்த காரியம். வினை ஒன்றுதான், அதன் செயப்படுபொருள் மூன்று வகை. ‘ரிஸ்க்ட் ஹிஸ் லைஃப்’ என்றாலும் ‘ரிஸ்க்ட் டெத்’ என்றாலும் ஏறக்குறைய ஒரே பொருள் வருவது இதனால்தான். உயிர் போகக்கூடியது, சாவு வரக்கூடியது. இரண்டும் எதிர்ச்சொற்களாயிற்றே என்று குழம்ப வேண்டியதில்லை.

இந்த ஒரு சொல்லையும் அதன் உறவுச் சொற்களையும் வைத்து மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோரும் அகராதியியலாளர் பெரில் அட்கின்ஸும் 1992-ல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். ஆங்கில அகராதிகள் இந்தச் சொல்லுக்குப் பொருள் பிரிப்பதில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று எடுத்துக்காட்டினார்கள். ஆள், அவர் செய்யும் காரியம், அவர் வைத்திருக்கும் மதிப்புள்ள பொருள், வரக்கூடிய கேடு, எதிர்பார்க்கும் லாபம் எல்லாம் சேர்ந்த ஒரு முழுக் காட்சி மனதில் இருந்தால்தான் ரிஸ்க் என்ற சொல் விளங்கும் என்பது அவர்கள் வாதம். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை.

இலக்கணத்தில் நம்மவர்கள் அதிகம் தவறுவது மூன்று இடங்களில். வினைக்குப் பின் இன்னொரு வினை வந்தால் அது ‘இங்’ சேர்ந்தே வரும்: ‘ரிஸ்க் லூஸிங்’ சரி, ‘ரிஸ்க் டு லூஸ்’ தவறு. ‘இட் இஸ் வெரி ரிஸ்க்’ என்பது தமிழ் வாக்கியத்தை அப்படியே கொண்டுபோனதால் வருவது. அங்கே ‘ரிஸ்கி’ என்ற பெயரடை வேண்டும். ‘டோண்ட் டேக் ரிஸ்க்’ என்பதில் ‘எனி ரிஸ்க்ஸ்’ என்றோ ‘எ ரிஸ்க்’ என்றோ வர வேண்டும். மாறாக, ‘அட் ரிஸ்க்’ என்ற தொடருக்குள் ‘எ’, ‘தி’ எதுவும் நுழையாது.

‘டேக் எ ரிஸ்க்’, ‘ரன் எ ரிஸ்க்’ இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. எடுப்பதற்குத் தெரிந்து செய்த ஒரு முடிவு வேண்டும். ‘ரன்’ வருவதற்கு அது வேண்டாம். நீங்கள் இருக்கும் நிலையே போதும். பர்மாவை வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். நெல் விளையும் கீழ்ப்பர்மாவில் நகரத்தார் நிலத்தை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்தபோது, கடன் திரும்பாமல் போகலாம் என்பது அங்கே கிட்டங்கியில் (தொழில் நடந்த கடையில்) உட்கார்ந்திருந்த ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் தெரியும். வட்டியிலேயே அதற்கு இடம் வைத்திருந்தார்கள். அது ‘டேக்’. 1930-க்குப் பின் நெல் விலை விழுந்து, கடன் வராமல் நிலமாக வந்து சேர்ந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலப் பங்கு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 சதவீதம் ஆயிற்று. பணமாக இருந்த முதல் மண்ணாக மாறியபின், அவர்கள் யாரும் தேர்ந்தெடுக்காத ஒன்று தலைமேல் நின்றது: படையெடுப்பு, ஆட்சி மாற்றம், நிலச் சட்டம். 1942-ல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. இந்த இடத்தில் ஆங்கிலத்தில் ‘தே ரேன் தி ரிஸ்க்’ என்று எழுதலாம். ‘டுக்’ என்று எழுதினால் வரலாறே மாறிவிடும்.

பொருளாதாரத்தில் ஃபிராங்க் நைட் 1921-ல் போட்ட கோடும் இங்கேதான் பொருந்துகிறது. கணக்கிட்டுச் சொல்லக்கூடியதை ரிஸ்க் என்றும், கணக்குக்கு அகப்படாததை அன்செர்ட்டன்ட்டி என்றும் பிரித்தார். வராக்கடன் எவ்வளவு இருக்கும் என்பதைப் பேரேட்டைப் புரட்டி ஓரளவு கணிக்கலாம். போரை எந்தப் பேரேட்டிலும் பார்க்க முடியாது.

இன்ஷூரன்ஸ் தாளில் இந்தச் சொல் ஆளையே திகைக்க வைக்கும். அங்கே ரிஸ்க் என்பது பல சமயம் ஆபத்தையே குறிக்காது, காப்பீடு செய்யப்பட்ட பொருளைக் குறிக்கும். தீக்காப்பீட்டு அட்டவணையில் ‘ரிஸ்க் லொக்கேஷன்’ என்று இருந்தால், ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. காப்பீடு செய்யும் கட்டடத்தின் முகவரியைக் கேட்கிறார்கள். கானாடுகாத்தானில் ஒரு வளவு வீட்டுக்கு (முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வீட்டுக்கு)ப் பாலிசி எடுத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் சென்னை முகவரியை எழுதிவிட்டால் இழப்பீடு கேட்கும்போது வம்பு. ரிஸ்க்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் ‘பெரில்’, ‘ஹசார்ட்’ என்ற மற்ற இரண்டு சொற்களையும் அதே வீட்டை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். தீ, இடி, வெள்ளம் போன்ற இழப்பின் காரணங்கள் ‘பெரில்’. தேக்கு உத்தரங்களுக்கு இடையே ஓடும் பழைய மின்கம்பி, அந்தக் காரணம் நிகழ வழிசெய்யும் நிலைமை, அதனால் அது ‘ஹசார்ட்’. வீடு ‘ரிஸ்க்’. மதிப்பீட்டாளர் ‘குட் ரிஸ்க்’ என்று எழுதினால் வீட்டைப் பாராட்டுகிறார்.

ஆயுள் காப்பீட்டில் ‘டேட் ஆஃப் கமென்ஸ்மென்ட் ஆஃப் ரிஸ்க்’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள். உயிருக்கான பொறுப்பை நிறுவனம் ஏற்கும் நாள் அது. பாலிசி தொடங்கும் நாளும் அதுவும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சிறு பிள்ளைகள் பெயரில் எடுக்கும் சில பாலிசிகளில் இது பிந்தி வரும். நடுவில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் முழுத்தொகை கிடைக்காது. ‘ஆல் ரிஸ்க்ஸ்’ என்ற தலைப்பைப் பார்த்து எல்லாம் அடக்கம் என்று நம்பிவிடவும் கூடாது. விலக்குப் பட்டியலில் இல்லாதவை மட்டுமே அடக்கம்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் ‘அட் ஓனர்ஸ் ரிஸ்க்’ என்ற முத்திரையைப் பார்த்திருப்பார்கள். சரக்குக்குச் சேதம் வந்தால் பொறுப்பு சரக்குக்காரருடையது என்பது அதன் பொருள். அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 97-ஆம் பிரிவின்படி, ஓனர்ஸ் ரிஸ்க் கட்டணத்தில் போன சரக்குக்கும், ரயில்வேயின் கவனக்குறைவோ முறைகேடோ காரணம் என்று நிரூபித்தால் பொறுப்பு உண்டு. நிரூபிக்கும் சுமை நம் பக்கம் வந்துவிடுகிறது, அதுதான் வித்தியாசம். எனவே ஏற்றும்முன் அடுக்கிய நிலையில் படம் எடுத்துவைப்பது நல்லது.

முதலீட்டுத் தாள்களில் ரிஸ்க் என்பது பெரும்பாலும் ஏற்ற இறக்கத்தின் அளவு. மியூச்சுவல் ஃபண்டுகளின் ரிஸ்க் அளவைக் காட்டும் ரிஸ்க்கோமீட்டரில் 2021 ஜனவரி முதல் ஆறு படிகள் உண்டு. ‘ரிஸ்க் ஃப்ரீ’ என்று அரசுப் பத்திரத்தைச் சொல்வது பணம் திரும்பாமல் போகாது என்ற அளவில் மட்டும். வட்டி விகிதம் ஏறினால், முதிர்வுக்கு முன்பே விற்பவருக்கு அந்தப் பத்திரத்திலும் நஷ்டம் வரும்.

மருத்துவ அறிக்கையில் ‘அட் ரிஸ்க்’ என்று எழுதியிருந்தால் அந்த ஆளுக்குக் கேடு வரலாம் என்று பொருள். அவரால் பிறருக்குக் கேடு என்று படிக்கக் கூடாது. ‘ரிஸ்க் ஆஃப்’ என்பதற்குப் பின் வருவது நோய், ‘ரிஸ்க் டு’ என்பதற்குப் பின் வருவது பாதிக்கப்படுபவர். ரிஸ்க் 100 சதவீதம் கூடியது என்று படித்தால், எதிலிருந்து கூடியது என்று கேளுங்கள். 10,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வந்தாலும் அது 100 சதவீதம்தான்.