அத்தானோட ஸ்விஃப்ட்டும் டயர் உரசலும்

ஜூன் 8, 2025, ஞாயிறு, மன்னார்குடி

அத்தான் போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல வாங்குன 2013 ஸ்விஃப்ட்ட இன்னைக்குத்தான் நிதானமா பாக்க முடிஞ்சுது. ரெண்டு சத்தம் இருக்கு. ஸ்டியரிங்க இடது பக்கம் ஃபுல் லாக் ஒடிச்சா முன்னாடி சர்ருன்னு இழுக்குது, அப்புறம் பின் சீட்டுல ஆள் ஏறி வாய்க்கா மதகு மேல ஏறி எறங்குனா பின்னாடி கரக்குனு உரசுது. "பெரிய டயர் போட்டா அப்படித்தான், ஓட ஓட சரியாப்போயிரும்னு வித்தவரு சொன்னாரு மாப்ள"ங்குறாரு. ஓட ஓட சரியாகாது அத்தான், டயர்தான் தேயும்னேன். சைடுவால்ல, அதாவது டயரோட பக்கவாட்டுல, தேஞ்சு உள்ள இருக்குற நூல் அறுந்துச்சுன்னா வேகத்துல வெடிச்சிரும், அக்காவும் புள்ளைங்களும் போற வண்டி, இத சும்மா விடவே கூடாது.

டிரைவர் கதவு தூண் ஸ்டிக்கர்ல 165/80 ஆர்14னு போட்டிருக்கு, மாட்டியிருக்கறது 205/65 ஆர்15. கணக்கு லேசுதான். முதல் நம்பர் டயர் அகலம் மில்லியில, ரெண்டாவது அந்த அகலத்துல எத்தன சதவீதம் சைடுவால் உயரம்னு, கடைசி ரிம்மோட விட்டம் இஞ்சுல. போட்டு பாத்தா கம்பெனி டயர் உயரம் 620 மில்லி கிட்ட, இது 647. அகலத்துல 40 மில்லி கூட. ஸ்பீடோமீட்டர் கணக்கும் நாலு சதவீதத்துக்கு மேல மாறிடும். டயர் ஓரத்துல கடைசி நாலு நம்பர் 2317, அதாவது 2017ல 23வது வாரம் செஞ்சது, எட்டு வருஷம் ஆச்சு, அதனால உரசலே இல்லன்னாலும் இந்த டயர மாத்தத்தான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

எங்க உரசுதுன்னு கண்ணால பாக்காம எதையும் வெட்டவும் கூடாது தட்டவும் கூடாது, இத நான் யாருகிட்ட வேணா அடிச்சு சொல்லுவேன். புள்ளைங்க சாக்பீஸ வாங்கி நாலு டயரோட ஓரத்துலயும் மேலயும் நல்லா பூசிட்டு, டிக்கில ரெண்டு விதை நெல் மூட்டை, உள்ள அஞ்சு பேருன்னு ஏத்திக்கிட்டு பாமணி ஆத்து கரையோட ஒரு சுத்து போயிட்டு வந்தோம்.

பின்னாடி ரெண்டு பக்கமும் ஃபெண்டர் (வீலுக்கு மேல இருக்குற தகடு) உள்பக்க மடிப்புல வெள்ளையா கோடு. முன்னாடி ஃபெண்டர்ல ஒன்னுமே இல்ல, இடது பக்கம் வீலுக்கு மேல உள்ளுக்குள்ள இருக்குற பிளாஸ்டிக் மூடி, லைனர்னு சொல்லுவாங்க, அதுல மட்டும் சாக்பீஸ் அப்பியிருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே டயர், ஒரே ரிம், வலது லாக்ல சத்தம் இல்ல, அப்போ இடது பக்க கோளாறு டயர் சைஸால வந்தது இல்லன்னு அங்கயே புரிஞ்சுபோச்சு.

ஒரு பின் வீல கழட்டி ரிம் உள்பக்கம் தொடச்சு பாத்தேன், 15×7 ஜே (15 இஞ்ச் விட்டம், 7 இஞ்ச் அகலம்), இ.டி 35. பி.சி.டி, அதாவது நட்டு ஓட்டைங்க இருக்குற வட்டம், 4×100 (நாலு ஓட்டை, 100 மில்லி விட்டம்), ஸ்விஃப்ட்டும் அதேதான், அதனால நாலு நட்டும் அழகா மாட்டிக்கும், ஆனா நட்டு மாட்டிக்கிறதும் ரிம் பொருந்துறதும் வேற வேற. இ.டிங்கறது ரிம்மோட நடுக்கோட்டுலேர்ந்து ஹப் (வீல் மாட்டுற அச்சு முகப்பு) மேல உக்காருற முகம் எவ்வளவு தள்ளி இருக்குங்கற அளவு, அது 10 மில்லி கொறஞ்சா வீல் 10 மில்லி வெளிய வரும். ரிம் அகலம் ஒரு இஞ்ச் கூடுனா ரெண்டு பக்கமும் 12.7 மில்லி கூடும். இங்க கம்பெனி ரிம்ம விட அகலமும் கூட, இ.டியும் கம்மி, மொத்தமும் வெளிப்பக்கமா போய் ஃபெண்டர் மடிப்புல இடிக்குது. இன்னொன்னு, ஸ்விஃப்ட் ஹப் 54.1 மில்லி, இந்த ரிம் நடு ஓட்டை 73.1, அந்த இடைவெளிய அடைக்குற ரிங்கே போடல. 80ல போனா ஸ்டியரிங் நடுங்குதுன்னும் அத்தான் சொல்லியிருந்தாரு, அதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு தோணுது.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் இன்னைக்கு தெறந்துட்டாங்க, ஊர் முழுக்க குறுவை பேச்சுதான். சாயங்காலம் இடது லைனர மட்டும் பாத்தேன். மூணு கிளிப்பு காணோம், பின்னாடி வயக்காட்டு சேறு காஞ்சு கட்டியா இறுகி லைனர முன்னாடி தள்ளிட்டு நிக்குது. சேத்த சொரண்டி தண்ணி அடிச்சு கழுவிட்டு புது கிளிப்பு போட்டேன், சில்லற காசுதான். இடது ஃபுல் லாக் சத்தம் போயே போச்சு. நம்ம ஊர்ல உழவு நேரத்துல கார் ஓட்டுறவங்க இந்த லைனருக்குள்ள கைய விட்டு அடிக்கடி பாக்கணும்.

ஜூன் 14, சனி, தஞ்சாவூர்

டிங்கரிங் கடையில பின் ஃபெண்டர் மடிப்ப தட்டி உருட்டி விட்டுரலாம்னாங்க. நான் வேணாம்னுட்டேன். அந்த இடத்துல உள் தகடும் வெளி தகடும் சேத்து ஸ்பாட் வெல்டு வச்சிருக்கு, தட்டுனா பெயிண்ட் வெடிச்சு தண்ணி உள்ள இறங்கும், வருஷத்துல பாதி நாள் ஈரத்துல ஓடுற வண்டிக்கு துரு பிடிக்க அது போதும். இன்னொருத்தர் ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் வச்சா வண்டி தூக்கிக்கும்னாரு. உரசல் கொறையலாம், ஆனா ரப்பர் வச்ச சுத்து அசையாது, பாரம் மத்த சுத்துங்க மேல போய் உக்காரும், அதோட குதிக்கிற குதியில பின்னாடி பெரியவங்க உக்காரவே முடியாது. ஸ்பேசர், அதாவது ரிம்ம வெளிய தள்ளுற தகடு, போடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, அது உள்பக்கம் இடிக்கிறதுக்கு, வெளிப்பக்கம் இடிக்கிற வண்டிக்கு போட்டா இன்னும் மோசமாயிரும்.

அத்தானுக்கு இப்ப மாட்டியிருக்குற அந்த அலாய் ரிம் மேல ஆசை, "டயர மட்டும் சின்னதா போட்டுக்கலாமா மாப்ள"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான், ஆனா 185/65 டயர் 5 இஞ்ச்லேர்ந்து 6.5 இஞ்ச் ரிம் வரைக்கும்தான், 7 ஜேல போட்டா டயர் ஓரம் இழுத்துக்கிட்டு நிக்கும். அதனால இதே ஸ்விஃப்ட்டோட மேல் வேரியண்ட் கம்பெனி அலாய், 15 இஞ்ச், பழசுல தேடி நாலு எடுத்தோம், கூட 185/65 ஆர்15 புது டயர். உயரம் 621 மில்லி, கம்பெனி கணக்கோட ஒத்துப்போகுது. அத்தான் முகம் கொஞ்சம் வாடித்தான் போச்சு, ஆனா அக்கா "உசுரு முக்கியமா ஷோக்கு முக்கியமா"ன்னதும் பேசாம பணத்த எடுத்துட்டாரு.

ஜூன் 15, ஞாயிறு

பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் நேத்தே முடிச்சாச்சு. இன்னைக்கு மறுபடி சாக்பீஸ் பூசி, அதே அஞ்சு பேர், அதே ரெண்டு மூட்டை, வடுவூர் பக்கம் மேடு பள்ளம் பாத்து பாத்து ஓட்டுனோம். எங்கயும் ஒட்டல. பின் டயருக்கும் மடிப்புக்கும் நடுவுல கைவிரல் தாராளமா போகுது. 80லயும் ஸ்டியரிங் கல்லு மாதிரி நிக்குது, கம்பெனி ரிம் ஓட்டை 54.1ங்கறதால ஹப்புல கச்சிதமா உக்காந்துருச்சு.

ஜூன் 22, ஞாயிறு

ரிம் மாத்தி நூறு கிலோமீட்டருக்குள்ள நட்ட திரும்ப டைட் பண்ணணும், அத இன்னைக்கு செஞ்சேன், வலது பின் வீல்ல ஒரு நட்டு கொஞ்சம் திரும்புச்சு. ஸ்டெப்னி பழைய 14 இஞ்சுதான், உயரம் ஒத்துப்போறதால அவசரத்துக்கு மாட்டிக்கலாம், காத்து மட்டும் ஸ்டிக்கர்ல இருக்குற அளவுக்கு வச்சுட்டேன்.

அந்த 7 ஜே அலாய வாங்க கும்பகோணத்துலேர்ந்து ஒரு தம்பி வர்றாரு. அகலம், இ.டி, பி.சி.டி, நடு ஓட்டை நாலையும் ஒரு தாள்ல எழுதி அத்தான்கிட்ட குடுத்திருக்கேன், என்ன வண்டிக்குன்னு கேட்டுட்டு, பொருந்தலன்னா அவருக்கு குடுக்க வேணாம்னு சொல்லிட்டேன். டயர மட்டும் விக்கவே கூடாதுன்னு ஓரத்த வெட்டி போட்டாச்சு.