வகுப்பறைக்குள்ள ஒரு வீட்டுத் தரிசிப்பு
சமூகப்பணி மாணவரை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கம் அனுப்ப முன்னம் வகுப்பிலேயே ஒரு வீட்டுத் தரிசிப்பை, அதாவது வீட்டுக்குப் போய்ப் பேசுறதை, நடிச்சுப் பாருங்க. கதை இப்படி: நுண்கடன் எடுத்த அக்கா, தவணைக்காரர் வாற நாளில பிள்ளையைப் பள்ளிக்கு விடாம வாசலில நிறுத்தி ‘அம்மா இல்ல’ எண்டு சொல்ல வைக்கிறா. அக்காவா நடிக்கிறவருக்கு அரைப்பக்கக் குறிப்பு போதும். பிள்ளையின்ர விசயத்துக்குப் பக்கத்தில ‘கேட்டா மட்டும் சொல்’ எண்டு எழுதுங்க.

மாணவர் ஒருவர் அக்காவைப் பேட்டி எடுக்கிற நேர்காணல் 10 நிமிசம், பிறகு கலந்துரையாடல் 20. முதல்ல பேட்டி எடுத்தவர், பிறகு நடிச்சவர், கடைசியா பார்த்தவங்க பேசட்டும்.

பிழைக்கிற இடம் மூன்றாம் நிமிசம். ‘அக்கா, பிரதேச செயலகத்துக்குப் போங்க’ எண்டு மாணவர் அறிவுரை தொடங்கிருவார். பிள்ளையின்ர கதை வெளிய வராமலே போயிரும். சகமாணவரை நடிக்க விட்டா சிரிப்பிலதான் முடியும், வெளியாள் வேணும். முடிஞ்சதும் வேடத்தை விட்டு வெளிய வர, நடிச்சவர் சொந்தப் பெயரைச் சொல்லிக் கதிரையை விட்டு எழும்பணும்.