எழும் வல்லரசும் அது நிற்கும் தூரமும்

ஒரு நாடு வல்லரசாக எழும்போது மற்ற நாடுகள் அதை எதிர்க்குமா, அதன் பக்கம் சாயுமா என்று கேட்பது வழக்கம். இந்தக் கேள்வியோடு எனக்கு நெடுநாளாகவே உடன்பாடில்லை. ஒரே நாடு ஒரே காலத்தில் இரண்டையும் செய்திருப்பதற்கு வரலாற்றில் நல்ல சான்று இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனின் கண்முன்னே அமெரிக்காவும் ஜெர்மனியும் ஒருசேர வளர்ந்தன. பொருளாதார பலத்தில் அமெரிக்காவே பெரியது. ஆனாலும் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது அமெரிக்காவுக்குத்தான். 1895இல் தன் காலனியான பிரிட்டிஷ் கயானாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் இடையிலான எல்லைத் தகராறில் அமெரிக்கா தலையிட்டபோது முதலில் முறைத்துக்கொண்டாலும், பின்னர் நடுவர் தீர்ப்புக்கு இணங்கியது. 1901இல், மத்திய அமெரிக்காவில் வெட்டப்படவிருந்த கால்வாயில் தனக்கிருந்த சம உரிமையை ஒப்பந்தம் போட்டுக் கைவிட்டது. 1903இல் அமெரிக்காவின் அலாஸ்காவுக்கும் பிரிட்டிஷ் பேரரசில் இருந்த கனடாவுக்கும் இடையிலான எல்லையைத் தீர்மானிக்க அமர்ந்த ஆறு பேரில் மூவர் அமெரிக்கர், இருவர் கனடியர், ஒருவர் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டன் பிரபு. அவர் முக்கியமான கேள்விகளில் அமெரிக்கர் பக்கம் நின்றார். கனடியர் இருவரும் தீர்ப்பில் கையெழுத்திட மறுத்துவிட்டனர். வல்லரசோடு சமாதானம் பேசியது லண்டன், நிலத்தை இழந்தது கனடா.

ஜெர்மனியிடம் இந்தப் பெருந்தன்மை காட்டப்படவில்லை. 1898இலும் 1900இலும் ஜெர்மனி கடற்படைச் சட்டங்களை இயற்றிப் போர்க்கப்பல்களைக் கட்டத் தொடங்கியதும், 1898இல் சூடானின் ஃபஷோடாவில் தன்னோடு போரின் விளிம்புவரை வந்த பிரான்சுடனேயே 1904இல் பிரிட்டன் கைகோத்தது. 1907இல் ரஷ்யாவுடனும் உடன்பாடு கண்டது. மொழியுறவுதான் அமெரிக்காவைக் காப்பாற்றியது என்பார்கள்; 1812இல் பிரிட்டனும் அமெரிக்காவும் போரிட்டபோதும் இரு தரப்பும் அதே மொழி பேசியவர்கள்தானே! என் கணிப்பில், அமெரிக்கா அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் இருந்ததும், ஜெர்மானியக் கடற்படை பிரிட்டனின் வாசற்படியான வட கடலில் நின்றதுமே பெரிய வேறுபாடு.

ஆனால் அருகில் எழுவதை எதிர்ப்பதற்குப் பிரிட்டனுக்கு இருந்த வலு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. சீனாவுடன் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தரையெல்லையைப் பகிர்ந்துகொள்ளும் வியட்நாம், 1979இல் அந்நாட்டோடு போரிட்டது; 2014இல் தென்சீனக் கடலின் பாராசெல் தீவுகளுக்கு அருகே சீனா எண்ணெய்த் துரப்பணத் தளமொன்றைக் கொண்டுவந்து நிறுத்தியபோது கடலில் மாதக்கணக்கில் மோதிக்கொண்டது. ஆயினும் ராணுவக் கூட்டணியில் சேர்வதில்லை, அந்நியப் படைத்தளத்துக்கு இடமளிப்பதில்லை என்பது அதன் அறிவிக்கப்பட்ட கொள்கை. 2023 செப்டம்பரில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனைத் தன் தலைநகர் ஹனோய்க்கு வரவேற்று உறவை உயர்ந்த படிநிலைக்குக் கொண்டுசென்றது. டிசம்பரில் ஷி ஜின்பிங்கையும், அடுத்த ஜூனில் புதினையும் வரவேற்றது. இதைக் கோழைத்தனம் என்று எழுதுகிறவர்கள் அந்த எல்லையில் வசிக்காதவர்கள்.

ஆஸ்திரேலியாவுக்குத் தூரம் துணைநின்றது. கொரோனாவின் தோற்றம் குறித்துச் சுதந்திரமான விசாரணை வேண்டுமென்று 2020 ஏப்ரலில் அது கேட்டதற்குப் பின், சீனா ஆஸ்திரேலிய பார்லி மீது மொத்தம் 80.5 சதவீதத் தீர்வையும், சில மாதங்களில் வைன் மீது அதிகபட்சமாக 200 சதவீதத்தைத் தாண்டிய தீர்வையும் விதித்தது. இரும்புத் தாதுவை மட்டும் தொடவில்லை. சீன உருக்காலைகளுக்கு அந்த அளவில் அதைத் தருவதற்கு வேறு நாடில்லை. பார்லிக்கு மாற்றுச் சந்தை கிடைத்தது. வைன் தயாரிப்பாளர்கள்தாம் திண்டாடினார்கள். இதற்கிடையே 2021 செப்டம்பரில் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக அமெரிக்காவுடனும் பிரிட்டனுடனும் ஆஸ்திரேலியா ஆக்கஸ் கூட்டணியை அறிவித்தது. சீனாவுடனான இரும்புத் தாது வணிகமோ நிற்காமல் நடந்தது. சீனா 2023 ஆகஸ்டில் பார்லித் தீர்வையையும் 2024 மார்ச்சில் வைன் தீர்வையையும் விலக்கிக்கொண்டது. நீர்மூழ்கித் திட்டத்தை ஆஸ்திரேலியா விலக்கிக்கொள்ளவில்லை.