1/24 அளவு ரிமோட் கண்ட்ரோல் டிரக்: மோட்டாரிலிருந்து ஆக்சில் வரை

ஜூலை 3

பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன கியர்) 12 பல்லிலிருந்து 10 பல்லுக்கு இறங்கியாயிற்று. அதோடு கோக்கும் பெரிய ஸ்பர் கியர் அதே 52. விகிதம் 4.33 ஆக இருந்தது, இப்போது 5.2. மோட்டாரைத் தொடாமலே சக்கரத்தில் டார்க் (முறுக்கு விசை) 20 சதவீதம் கூடும். உச்ச வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போகும். பாறை ஏறுகிற வண்டிக்கு அந்த வேகம் தேவையே இல்லை. புது மோட்டாருக்குக் காசு போடும் முன் பினியனை மாற்றிப் பார்ப்பதுதான் முறை.

மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 0.5 கியரில் ஒரு பல் குறைந்தால் மோட்டார் 0.25 மி.மீ. ஸ்பர் பக்கம் நகர வேண்டும். இங்கே இரண்டு பல், ஆக அரை மி.மீ. மவுண்ட்டில் நீள்துளை இருந்ததால் பிழைத்தது. மெல்லிய காகிதத் துண்டை இரு கியருக்கும் நடுவே விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முடுக்கி, பிறகு கியரைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுத்தேன். பல் பதிந்த மடிப்பு தெரிய வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. கிழிந்தால் இறுக்கம் அதிகம். மோட்டார் சும்மா ஓடும்போதே சூடாகும்.

ஜூலை 4

புது மோட்டார் பார்சல் கிளம்பிவிட்டது.

ஜூலை 6

050 மோட்டார் வந்தது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) தனியாக வருமாம்.

பூட்டும் முன் வெர்னியரில் ஷாஃப்ட்டை அளக்க வேண்டும். 1.5 மி.மீ.யும் உண்டு, 2 மி.மீ.யும் உண்டு, பினியன் துளை அதற்குச் சரியாக இருக்க வேண்டும். இது 2. மவுண்ட் ஸ்க்ரூவின் நீளம் இன்னும் முக்கியம். தகட்டின் தடிமனைத் தாண்டி ஒன்றரை, இரண்டு மி.மீ.தான் உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால் நுனி உள்ளே சுற்றுக்கம்பியை உரசும், மோட்டார் முதல் நாளே போய்விடும்.

வண்டியில் பூட்டாமல், 3 வோல்ட்டில் கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டேன். கார்பன் பிரஷ், அது உரசி மின்சாரம் கொடுக்கும் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிந்தால்தான் தீப்பொறி குறையும்.

முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டர் (மீட்டர் வயரின் தடையைக் கழித்து) 2.1 ஓம் காட்டுகிறது. இந்த ஒரு எண்ணை விட்டு மனம் நகர மறுக்கிறது. முழு சார்ஜில் 2S (இரண்டு செல் தொடராகச் சேர்ந்த) பேட்டரி 8.4 வோல்ட். சக்கரம் கல்லிடுக்கில் மாட்டி மோட்டார் நின்றுவிட்டால் 8.4 / 2.1 = 4 ஆம்பியர். 33.6 வாட், அவ்வளவும் சூடு. கட்டைவிரல் அளவு டப்பாவுக்குள்! 3S (மூன்று செல்) போட்டால் 12.6 வோல்ட், 6 ஆம்பியர், 75 வாட்டுக்கு மேல். ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும்) பலகை 5 ஆம்பியர்தான் தாங்கும், அதுவும் 2S வரைக்கும்தான். 3S வேண்டாம்.

ஜூலை 7

வண்டி ஏறும்போது ஒரு சத்தம்: டிக். டிக் டிக். சமதளத்தில் இல்லை.

ஜூலை 9

பேட்டரி. 350 எம்.ஏ.எச்., 30C (கொள்ளளவைப் போல 30 மடங்கு மின்னோட்டம்) என்று லேபிள். கணக்குப்படி 10.5 ஆம்பியர் தர வேண்டும். ஆனால் ஏற்றத்தில் 3 ஆம்பியர் இழுக்கும்போதே ஈ.எஸ்.சி. வாசலில் 8.1 வோல்ட் 7.0 ஆகிறது. 1.1 வோல்ட் எங்கோ தொலைகிறது, அதாவது 0.37 ஓம். செல்லை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பேட்டரியிலிருந்து வரும் வயர் 26 கேஜ், கனெக்டர் பின்னும் தளர்ந்திருக்கிறது. வயரை இன்னும் தடிமனான 22 கேஜுக்கு மாற்றி, கனெக்டரையும் புதிதாகப் போட்டதும் அதே ஏற்றத்தில் 7.5 நிற்கிறது. மோட்டாருக்கு அரை வோல்ட் லாபம்.

சால்டர் செய்யும்போது பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒரே நேரத்தில் உரிக்கவே கூடாது. ஒன்றை முடித்து, ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடிய பிறகே மற்றது. இந்தச் சின்ன இரண்டு பின் கனெக்டரில் பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பது பேட்டரிக்குப் பேட்டரி மாறும். வயரின் நிறத்தை நம்பாமல் மீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது. தலைகீழாகச் செருகினால் பலகை அந்த நொடியே புகையும்.

சார்ஜ் 1C, அதாவது 0.35 ஆம்பியர். ஓட்டாமல் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட். கட்-ஆஃப் (அதற்குக் கீழே போகாமல் ஈ.எஸ்.சி. மோட்டாரை நிறுத்தும் அளவு) செல்லுக்கு 3.2. ஈ.எஸ்.சி.யில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் லிப்போ (லித்தியம் பாலிமர்) பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். நிக்கல் பேட்டரி பக்கம் இருந்தால் கட்-ஆஃப் வேலை செய்யாது, செல் உப்பிவிடும்.

அந்த டிக் இன்னும் போகவில்லை.

ஜூலை 10

இன்று முழுக்க டிக்தான்.

பினியன் கிரப் ஸ்க்ரூ (கியரை இறுக்கும் தலையில்லாத ஸ்க்ரூ) ஷாஃப்ட்டின் தட்டைப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, வழுக்கவில்லை. முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றி, பின் சக்கரத்தில் மட்டும் அதே ஏற்றம்: சத்தம் இல்லை. திரும்ப முன்னதை மாட்டி, பின்னதைக் கழற்றினால்: டிக். ஆக, முன் ஆக்சில்.

மூடியைத் திறந்து, கிரீஸைத் துடைத்து, லென்ஸில் பார்த்தேன். ஆக்சிலுக்குள் ஒரு சின்ன பினியன் பெரிய ரிங் கியரைச் சுற்றும். அந்த ரிங் கியர் பற்களின் வெளி ஓரத்தில் மட்டும், நகநுனி அகலத்துக்கு, பளபளப்பு. அடிப்பாகம் வார்ப்பிலிருந்து வந்தபடியே மங்கலாக இருக்கிறது. பற்கள் பாதி ஆழத்துக்குத்தான் கோத்திருக்கின்றன. கையால் சுற்றினால் ஒன்றும் தெரியாது; பாரம் ஏறும்போது பிளாஸ்டிக் ஹவுசிங் விரிந்து, ரிங் கியர் பினியனை விட்டு விலகி, ஒரு பல் தாண்டுகிறது. பழைய மோட்டாருக்கு அந்த ஹவுசிங்கை விரிக்கும் பலம் இல்லை. பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட் இருந்தவரை அதுவும் முறுகிக் கொடுத்தது. எஃகு போட்ட பின் அதிர்ச்சி அப்படியே இங்கே வந்து இறங்குகிறது.

ஜூலை 11

ஷிம் வரவில்லை. வண்டி திறந்தபடி மேசையில்.

ஜூலை 13

காத்திருக்கும் நேரத்தில் எஃகு டிரைவ் ஷாஃப்ட்டின் கிரப் ஸ்க்ரூ அத்தனையும் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் எண்ணெய் போகக் கழுவி, நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஊசிமுனை அளவு. எண்ணெய் இருந்தால் பிடிக்காது. உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும். சில பிளாஸ்டிக்குகள் அதில் பட்டால் விரிசல் விடும்.

முன் ஆக்சிலுக்கு ஓவர்டிரைவ் கியர் (பின்னதைவிட வேகமாகச் சுற்றவைப்பது) போடலாமா என்ற யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. முன் சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் செங்குத்தில் மூக்கை இழுத்துக்கொண்டு போகும், திருப்பமும் குறுகும். உண்மைதான். ஆனால் இரு ஆக்சிலும் லாக் ஆன (இடது, வலது சக்கரங்கள் சேர்ந்தே சுற்றும்) வண்டியில், டயர் நன்றாகப் பிடிக்கும் தரையில் அந்த வேக வித்தியாசம் முழுக்க கியர்ப் பற்களில் ஏறும். ஏற்கெனவே பல் தாண்டுகிற ஆக்சிலுக்கு அதையும் கொடுப்பது அநியாயம். முன்னும் பின்னும் ஒரே விகிதம், எஃகு ரிங், எஃகு பினியன். முடிவு.

ஜூலை 14

சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) நடுங்கியது. மோட்டார் முனைகளுக்கு நடுவே 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெபாசிட்டர் ஒன்று வைத்ததும் நின்றது.

ஜூலை 16

வந்துவிட்டது!

ஷிம் 0.1, 0.2 மி.மீ. ரிங் கியரின் முதுகுப் பக்கம், அதாவது பல் இல்லாத பக்கம், பியரிங்குக்கும் கியருக்கும் நடுவே போட வேண்டும். 0.2 போட்டு மூடினால் ஓரிடத்தில் இறுகுகிறது. 0.1 சரி. பினியனை விரலால் கொஞ்சம் சுற்றிப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது; ரிங் கியர் முழுச் சுற்று வர வேண்டும், இறுக்கம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் தலைகாட்டும். மூடி ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக. கிரீஸ் பல்லில் மட்டும், மெல்லிய பூச்சு. ஹவுசிங்கை நிரப்பினால் மோட்டார் அதைக் கடைந்துகொண்டே இருக்கும்.

ஏற்றம். சத்தமே இல்லை. பத்து நிமிடம் கழித்து மோட்டார் 54 டிகிரி. விரல் தாங்குகிறது.

ஜூலை 17

இன்று 61 டிகிரி. அதே ஏற்றம், அதே பேட்டரி. டிக் இல்லை. முன்னால் எதுவும் இறுகவில்லை. பின் சக்கரங்களைத் தூக்கிவைத்துக் கையால் சுற்றினால் இடது பக்கம் கரகரக்கிறது, பியரிங்காக இருக்கலாம், கழற்றிப் பார்க்க வேண்டும்.